சுங்கை சிப்புட்டிலிருந்து பேங்காக் வரை மிதிவண்டிப் பயணம்: 8,000 வெள்ளி போதுமா?

கேள்வி
பதிவிட்டவர்: ஆலைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவன். பட்டணத்திற்கு வெளியே உள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். தைப்பூசம் முடிந்த கையோடு இரண்டு மாதம் ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, இங்கிருந்து பேங்காக் வரை மிதிவண்டியில் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். கூட்டரசு சாலை 1 எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது என்பதால், அதையே பிடித்துக்கொண்டு கோலகங்சார், தைப்பிங், பட்டர்வொர்த், சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் எனச் சென்று, எல்லையைத் தாண்டி ஹாட்யாயை அடைந்து, அங்கிருந்து வடக்கே போகலாம் என்பது எண்ணம். வரைபடத்தில் பார்த்தால் மொத்தம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் வருகிறது. திரும்பும்போது ரயிலிலோ பேருந்திலோ வந்துவிடுவேன்.

என் சேமிப்பு 8,000 வெள்ளி (ரிங்கிட்). வண்டி, பழையதாக வாங்கிய 26 அங்குலச் சக்கரம் கொண்ட இரும்புச் சட்ட மலைவண்டி; கேரியரோ பைகளோ இன்னும் வாங்கவில்லை. வீட்டில் நான் மாதந்தோறும் கட்ட வேண்டியவை: மோட்டார் சைக்கிள் தவணை 210, அம்மாவிடம் கொடுப்பது 500, பி.டி.பி.டி.என். கல்விக்கடன் 120, கைப்பேசிக் கட்டணம் 45.

ஆலையில் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர், மிதிவண்டிப் பயணத்திற்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி என்று கணக்குப் போட்டால் போதும் என்கிறார். அப்படியானால் 1,300 வெள்ளியில் பேங்காக் போய்ச் சேர்ந்துவிடலாம். மீதியை வைத்துக்கொண்டு சியாங் மாய் வரைகூட மிதிக்கலாம் என்று தோன்றுகிறது. இந்தக் கணக்கு சரிதானா? நம் பட்டணத்துக் கடைக்காரர்களிடம் விளம்பர ஆதரவு கேட்டால் செலவு குறையும் என்று இன்னொருவர் சொல்கிறார். அது நடைமுறைக்கு ஒத்துவருமா? அனுபவமுள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்
பதிவிட்டவர்: பழைய லயம்

தம்பி, உங்கள் நண்பர் சொன்னது கார் வைத்திருப்பவர்களின் கணக்கு. காருக்குத் தூரம் கூடக்கூடப் பெட்ரோல் கூடும். ஆகவே அதைக் கிலோமீட்டரால் அளப்பது பொருந்தும். மிதிவண்டிக்காரனுக்குச் செலவு வைப்பது சாலையன்று, நாள்தான். நீங்கள் ஒரு நாளில் 100 கிலோமீட்டர் மிதித்தாலும் சரி, மழைக்காக ஏதாவது ஒரு சிற்றூர் ஓட்டலின் ஐந்தடித் தாழ்வாரத்தில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாலும் சரி, மூன்று வேளை சாப்பிட வேண்டும், இரவில் எங்காவது படுக்க வேண்டும். சும்மா இருக்கும் நாளில் செலவு கூடுவதும் உண்டு. பொழுது போகாதவன் கடைக்குப் போவான்.

ஆகவே முதலில் நாள்களை எண்ணுங்கள். சுமை ஏற்றிய வண்டியில், நம் வெயிலில், புதியவர் ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு 65 கிலோமீட்டர் போனால் அது நல்ல வேகம். 1,300 கிலோமீட்டருக்கு 20 நாள். ஐந்து நாளைக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் மேலும் நான்கு நாள்; எல்லையில் தாமதம், வயிற்றுக்கோளாறு, வண்டிப் பழுது ஆகியவற்றுக்கு இரண்டு நாள். ஆக 26 நாள். பலர் மிதிக்கும் 20 நாளுக்கு மட்டும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, மீதி ஆறு நாளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

இனி ஒரு நாளின் விலை. நம் நாட்டுப் பகுதியில் உணவுக்கு 30 முதல் 35 வெள்ளி வையுங்கள். வீட்டில் இரண்டு ரொட்டி சானாயோடு பசியாறுகிறவர், காலை முழுவதும் மிதித்துவிட்டு வந்து நான்கு சாப்பிடுவார்; அதன்பிறகும் பதினொரு மணிக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் தேடுவார். பணத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று இங்கே மட்டும் கையை இறுக்காதீர்கள். சரியாகச் சாப்பிடாதவன் மூன்றாம் நாள் படுத்துவிடுவான், அவன் படுக்கும் நாளுக்கும் அறை வாடகை உண்டு. தண்ணீர் ஐந்து லிட்டருக்குக் குறையாமல் தேவைப்படும். அதைப் பேரங்காடியில் புட்டி புட்டியாக வாங்கினால் மாதக் கடைசியில் அது ஒரு நல்ல தொகையாக நிற்கும். வீடமைப்புப் பகுதிக் கடை வரிசைகளில் காசு போட்டால் தண்ணீர் ஊற்றும் இயந்திரங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாய்லாந்தின் சிறுநகரங்களிலும் அதே போன்றவை தெருவுக்குத் தெரு உண்டு, லிட்டருக்கு ஒரு பாட் அளவில் கிடைக்கும்.

தங்குமிடம்தான் பெரிய செலவு. சிறுபட்டணங்களில் சாதாரண அறைக்கு 60 முதல் 90 வெள்ளி ஆகும். (ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி என்னும் சுற்றுலா வரி 2017-இல் வந்தது, அது வெளிநாட்டவருக்கு மட்டும். குடிமகனான உங்கள் ரசீதில் அது இருந்தால் அடையாள அட்டையைக் காட்டி நீக்கச் சொல்லுங்கள்.) தாய்லாந்தில் சாதாரண விடுதி அறை 400 முதல் 600 பாட், ஒரு வெள்ளிக்கு 7 முதல் 8 பாட் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ நம் ஊர் விலைதான். சாப்பாடு அங்கே சற்று மலிவு, ஆனால் பழமும் ஐஸ் காப்பியும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். ஆகவே தனியாகப் போகும் ஒருவருக்கு இரு நாட்டிலும் நாளொன்றுக்கு 110 வெள்ளி என்பது நியாயமான கணக்கு. இருவராகப் போய் அறையைப் பகிர்ந்துகொண்டால் 75 வெள்ளிக்கு இறங்கும். வேறு எந்தச் சிக்கனமும், கூடாரம் உட்பட, ஒரு நல்ல துணை தரும் அளவுக்கு மிச்சப்படுத்தித் தராது. சண்டை போடாத துணையாக இருக்க வேண்டும் என்பது தனிச் செய்தி.

இலவசமாகத் தங்க வழியில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சாலையோர ஊர்களின் தீயணைப்பு நிலையங்களில், பொறுப்பாளர் இசைந்தால், நெடுந்தூர மிதிவண்டிக்காரர்களை வளாகத்தில் கூடாரமடிக்க விடுவார்கள். சீக்கியர்களின் குருத்துவாராக்களில் விருந்தினருக்கு இடமும் லங்கர் என்னும் இலவசப் பொது உணவும் கிடைக்கும். நம் கோயில் மண்டபங்களில் நிருவாகத்தினரைக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. தாய்லாந்தில் பௌத்த விகாரைகள் உள்ளன. ஆனால் இவையெல்லாம் பிறர் கொடுப்பவை. கொடுத்தால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளலாம், கொடுப்பார்கள் என்று முன்கூட்டியே கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. போகும் இடத்தில் உண்டியலில் ஏதாவது போடுங்கள். அதையும் நாள் செலவில் சேருங்கள். கூடாரத்தைச் செம்பனைத் தோட்டத்துக்குள் அடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். செம்பனை ஆலையில் வேலை செய்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கிடையே அடுக்கி வைக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும்.

பாதை பற்றி இரண்டு சொல். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மிதிவண்டிக்கு அனுமதியில்லை. பினாங்குப் பாலத்திலும் இல்லை, தீவுக்குப் போவதானால் படகுதான். எல்லைக்குப் புக்கிட் காயு ஹீத்தாமைவிடப் பாடாங் பெசார் அமைதியானது. முன்னதில் சரக்கு லாரிகள் அதிகம். பெங்காலான் ஹுலு வழியாகப் பெத்தோங்குக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பாதை யாலா மாநிலத்துக்குள் செல்கிறது என்பதை நினைவில் வையுங்கள். தென் தாய்லாந்தின் யாலா, பட்டானி, நராதிவாட் பகுதிகளில் 2004 முதல் கிளர்ச்சி நீடிக்கிறது. பயணக் காப்புறுதி எடுத்தாலும் அப்பகுதிகள் விலக்கப்பட்டிருக்கிறதா என்று விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

சியாங் மாய் பற்றி: பேங்காக்கிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அதாவது இன்னும் இரண்டு வாரச் செலவு. நீங்கள் போய்ச் சேரும் மார்ச் மாதத்தில் வட தாய்லாந்தில் வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை மூட்டம் இருக்கும். அந்த மாதத்தில் காசு கொடுத்துப் புகையை மூச்சிழுக்கப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பதில்
பதிவிட்டவர்: ஈப்போ பட்டறை

பழைய லயம் ஐயா நாள் கணக்கைச் சொல்லிவிட்டதால் நான் வண்டிக் கணக்கை மட்டும் சொல்கிறேன். உங்கள் பழைய இரும்புச் சட்ட வண்டி போதும். புது வண்டி வாங்காதீர்கள். இரும்பில் விரிசல் விட்டால் எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டித் தருவார்கள், அலுமினியத்துக்கு அது எளிதில் நடக்காது. 26 அங்குல டயரும் டியூபும் தாய்லாந்தின் சிற்றூர்களிலும் கிடைக்கும்.

இந்த விஷயத்தில் வரலாறே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்திலும் இறங்கிய ஜப்பானியர் தீபகற்பத்தின் வழியே மிதிவண்டிப் படையோடு சிங்கப்பூர் வரை போனதை நம் பாட்டன்மார் கண்ணால் பார்த்தவர்கள். போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் பரவலாக விற்பனையானதால், அவர்களுக்கு உதிரிபாகம் ஊருக்கு ஊர் கிடைத்தது. டயர் கிழிந்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள் என்பதும் உண்மை; அதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். வழியிலுள்ள கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்ட வண்டியே நெடும்பயணத்துக்கு மலிவான வண்டி, அதன் வாங்கிய விலை எதுவானாலும்.

எங்கள் பக்கத்து விலையில் உத்தேசமாகச் சொல்கிறேன்: பின்புறக் கேரியர் 110, தண்ணீர் புகாத பைகள் ஒரு சோடி 220, முள் தாங்கும் தடித்த டயர் இரண்டு 240, செயினும் பின்புறப் பல்சக்கரத் தொகுதியும் 170, பிரேக் கட்டைகளும் கம்பிகளும் 60, கருவிகளும் மாற்று டியூபுகளும் 100, சக்கர அச்சுகளைக் கழற்றிக் கிரீஸ் வைக்கும் கூலி 50. மொத்தம் 950 வெள்ளி. இதில் குறைக்க நினைத்தால் பையில் குறையுங்கள். அரிசிச் சாக்கு உறையைத் தைத்துப் பயன்படுத்தினாலும் துணி நனையாது. டயரில் குறைக்காதீர்கள்.

செயினை மாற்ற வேண்டுமா இல்லையா என்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். பன்னிரண்டு அங்குல அளவுகோல் ஒன்றை எடுத்து, அதன் நுனியை, செயின் கண்ணிகளை இணைக்கும் ஊசிகளுள் (பின்) ஒன்றின் நடுவில் வையுங்கள். புதிய செயினில் பன்னிரண்டு முழுக் கண்ணிகள் (உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒரு முழுக் கண்ணி) சரியாகப் பன்னிரண்டு அங்குலத்தில் ஓர் ஊசியின் நடுவில் முடியும். உங்கள் செயினில் அந்தக் கடைசி ஊசி பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். அதற்கும் மேல் போகவிட்டால் தேய்ந்த செயின் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும், அப்போது செலவு இரட்டிப்பாகும். எத்தனையோ பேர் 70 வெள்ளிச் செலவைத் தள்ளிப் போட்டு 170 வெள்ளியாக்கிக் கொண்டு வருகிறார்கள்.

நம் சாலைகளில் பஞ்சருக்கு இரண்டு காரணங்கள் முதன்மையானவை. ஒன்று, குலை ஏற்றிப் போகும் லாரிகளிலிருந்து உதிரும் செம்பனை முள். மற்றொன்று, வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறும் தலைமுடி அளவு எஃகு இழை. அது டயரில் புகுந்து கண்ணுக்கே தெரியாமல் நின்றுகொண்டு, நீங்கள் மாற்றும் ஒவ்வொரு டியூபையும் குத்தும். ஆகவே டியூபை ஒட்டும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள், துணி சிக்கும் இடத்தில் இழை இருக்கும். அதைப் பிடுங்கப் புருவம் திருத்தும் சிறு இடுக்கி ஒன்று கருவிப் பையில் இருக்கட்டும். பசை தடவியதும் ஒட்டுத் துண்டை உடனே வைத்து அழுத்துவது வழக்கமாகிவிட்டது. பசையின் பளபளப்பு மங்கி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரும்வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டு ஒட்டியது மறுநாள் வெயிலில் கழன்றுவிடும்.

தைப்பூசத்தை ஒட்டியே சீனப் புத்தாண்டும் வரும் என்பதை மறக்க வேண்டாம். சிறுபட்டணங்களில் மிதிவண்டிக் கடைகள் பெரும்பாலும் சீனர்களுடையவை. அந்த நாள்களில் தொடர்ந்து பூட்டிக் கிடக்கும். பின்சக்கரத்துக்குப் பொருந்தும் நீளத்தில் மூன்று மாற்று ஆரக்கம்பிகளை (ஸ்போக்) சட்டத்தோடு நாடா சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்.

பதில்
பதிவிட்டவர்: கிந்தா வாசகர்

விளம்பர ஆதரவு பற்றி மட்டும். இது புதிய யோசனையன்று. 1894-இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து மிதிவண்டியோடு உலகப் பயணம் புறப்பட்ட ஆனி கோப்சோவ்ஸ்கி என்னும் பெண்மணி, லண்டன்டெரி என்ற ஊற்றுநீர் நிறுவனத்திடம் 100 டாலர் பெற்றுக்கொண்டு அதன் விளம்பரப் பலகையை வண்டியில் மாட்டியதோடு, தம் பெயரையே ஆனி லண்டன்டெரி என்று மாற்றிக்கொண்டார். வழிநெடுகச் சொற்பொழிவாற்றியும் படங்களை விற்றும் செலவைச் சமாளித்தார். அது முழுநேர வேலை. நம் பட்டணத்தில் மளிகைக் கடைக்காரர் கொடுக்கும் 100 வெள்ளிக்காக ஒவ்வொரு மாலையும் படமெடுத்துப் பதிவேற்றம் செய்ய வேண்டியிருந்தால், அந்த நேரத்தில் துணி துவைத்துவிட்டுத் தூங்குவதே ஆதாயம் என்பது என் கருத்து. பொருளாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மிதிவண்டிக் கடை இரண்டு டியூப் கொடுத்தால் அதற்கு ஈடாக ஒரு படம் நியாயமான வியாபாரம்.

கேட்டவரின் மறுமொழி
பதிவிட்டவர்: ஆலைக்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி மறுபடியும் எழுதிப் பார்த்தேன். 26 நாளுக்கு நாளொன்றுக்கு 110 வீதம் 2,860, வண்டிக்கு 950, திரும்பி வர 400, வீட்டுக் கடமைகள் மாதம் 875 வீதம் இரண்டு மாதத்துக்கு 1,750, மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும் தொடாமல் வைக்க 1,500. மொத்தம் 7,460. எட்டாயிரத்தில் 540 வெள்ளி மிஞ்சுகிறது. சியாங் மாயை விட்டுவிட்டேன். துணைக்கு வருவதாகச் சொன்ன நண்பருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, ஆகவே தனியாகத்தான் போகிறேன். இனி வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? பற்றாக்குறை வந்தால் ஊழியர் சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் யோசிக்கிறேன்.

பதில்
பதிவிட்டவர்: தோட்டத்து ஆபீஸ் அக்கா

தம்பி, நான் மிதிவண்டி ஓட்டுகிறவள் அல்லள். தோட்டத்து அலுவலகத்தில் நெடுங்காலமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறவள். உங்கள் கணக்கில் ஒரு மாதம் காணாமல் போயிருக்கிறது.

ஊதியமில்லா விடுப்பு இரண்டு மாதம் என்றால் சம்பளமில்லாத காலமும் இரண்டு மாதம் என்று எண்ணுகிறீர்கள். பிப்ரவரி தொடக்கத்தில் போகிறீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில் வேலைக்குத் திரும்புகிறீர்கள். ஏப்ரல் மாத உழைப்புக்கான சம்பளம் ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோதான் கைக்கு வரும். இடைப்பட்ட ஏப்ரல் மாதத்துக்கு மோட்டார் தவணையும் அம்மாவின் 500-உம் கல்விக்கடனும் காத்திருக்காது; வேலைக்குப் போய்வர உங்களுக்கும் பெட்ரோலும் சாப்பாடும் வேண்டும். ஆக வீட்டுக் கடமை மூன்று மாதத்துக்கு, அதாவது 2,625. இப்போது உங்கள் மொத்தம் 8,335. கையிலிருப்பதைவிட 335 வெள்ளி அதிகம். திரும்பி வந்த மாதத்தில் நீங்கள் சாப்பிடுவதை நான் இன்னும் சேர்க்கவில்லை.

அந்த 1,500-ஐக் குறைத்துச் சமன் செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அது செலவுக் கணக்கில் வரும் பணமே அன்று. தொடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டியது. காப்புறுதி எடுத்தாலும் தனியார் மருத்துவமனையில் முதலில் முன்பணம் கேட்கக்கூடும், இழப்பீடு பின்னால்தான் வரும். காப்புறுதிப் பத்திரத்தில் மிதிவண்டிப் பயணம் விளையாட்டு என்று விலக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளமில்லாத மாதத்தில் சேமநிதிக்கும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் சந்தா போகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நெகிழ்வுக் கணக்கு 2024 மே மாதம் வந்தது முதல், அலுவலகத்தில் யார் வந்து எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள். 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் உங்களுடைய அவசரப் பணம் ஏற்கெனவே 1,500 இருக்கிறது; அதற்கும் மேலாக ஓய்வுக்காலப் பணத்தைத் தொட்டால்தான் இந்தப் பயணம் நடக்கும் என்றால், பயணம் உங்கள் கைக்கு மீறி நீண்டுவிட்டது என்று பொருள். எனக்குத் தோன்றும் வழி, விடுப்பையே ஒரு மாதமாகச் சுருக்குவது. அப்போது கடமை இரண்டு மாதத்துக்குத்தான் ஒதுக்க வேண்டும், 1,750. அந்த ஒரு மாதத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை மிதிக்கத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பதில்
பதிவிட்டவர்: பழைய லயம்

ஆபீஸ் அம்மா சொல்லும் மூன்றாவது மாதம் என் கண்ணிலும் படவில்லை. ஓய்வூதியக்காரனுக்கு அது மறந்துபோகும். ஒரு மாத விடுப்பென்றால் பேங்காக் போகும் வழியிலுள்ள சூராட் தானி நகரம் சரியாக வரும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறத்தாழப் பாதித் தூரம்: 650 கிலோமீட்டர் என்று கொள்ளுங்கள், பத்து நாள் மிதிப்பு, நான்கு நாள் ஓய்வும் தாமதமும். 14 நாளுக்கு 1,540, வண்டிக்கு 950, திரும்ப 250, கடமை 1,750, அவசரத்துக்கு 1,500. மொத்தம் 5,990. கையில் இரண்டாயிரம் மிஞ்சுவதோடு, விடுப்பிலும் இரண்டு வாரம் மிஞ்சுகிறது. அதைக் கொண்டு வழியில் நிதானமாகப் போகலாம்: ஹாட்யாயிலிருந்து நேராக நெடுஞ்சாலையைப் பிடிக்காமல் சோங்க்லா போய், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் சமதரைச் சாலையில் வடக்கே சென்றால் நக்கோன் சி தம்மராட் வரை மேடே இல்லை எனலாம். பத்தலுங் பக்கம் தாலே நோய் சதுப்புநிலத்தில் தாமரை பூக்கும் பருவமும் அதுதான். தூரம் சற்றுக் கூடும், மூன்று நான்கு நாள் கூடுதலாகும். அதற்கு 440 வெள்ளி, இருக்கிறது.

சனி, ஞாயிறிலும் பள்ளி விடுமுறையிலும் ஹாட்யாயில் தங்காதீர்கள். நம்மவர்கள் கார் காராக வந்து இறங்குவார்கள், அறை விலை ஏறிவிடும்.

கேட்டவரின் மறுமொழி
பதிவிட்டவர்: ஆலைக்காரன்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. சூராட் தானி என்றே முடிவு செய்துவிட்டேன். மேலாளரிடம் ஒரு மாதத்துக்கு மட்டும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டே கேள்விகள். தாய்லாந்தில் பணத்தை எப்படிக் கொண்டுபோவது? சூராட் தானியிலிருந்து வண்டியோடு திரும்புவது எப்படி?

பதில்
பதிவிட்டவர்: ஈப்போ பட்டறை

பணம்: அங்கே ஏ.டி.எம். இயந்திரத்தில் வெளிநாட்டு அட்டையைப் போட்டால் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கும் மேல் கட்டணம் பிடிப்பார்கள். ஆகவே சிறிது சிறிதாக எடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்கான பாட்டை இங்கேயே மாற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மீதிக்கு நம் வங்கிச் செயலியைப் பயன்படுத்துங்கள். 2021 முதல் நம் கியூஆர் கட்டண முறையும் அவர்களுடைய பிராம்ட்பே முறையும் இணைக்கப்பட்டிருப்பதால், சாலையோர நூடுல்ஸ் கடையில் தொங்கும் அட்டையைக்கூட நம் கைப்பேசியால் படம்பிடித்துப் பணம் செலுத்த முடிகிறது. உங்கள் வங்கியின் செயலியில் அந்த வசதி உண்டா என்று போகும் முன்பே பாருங்கள். இப்போது எல்லையைக் கடக்கும் முன் தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், கட்டணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. கடப்பிதழில் குத்தப்பட்ட தேதியைத் தாண்டினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம்.

திரும்புவது: சூராட் தானி ரயில் நிலையம் நகரத்தில் இல்லை, மேற்கே பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி புன்பின் என்னும் ஊரில் இருக்கிறது, கடைசி இரவை அங்கேயே தங்கினால் விடியற்காலை அலைச்சல் இல்லை. சரக்குப் பெட்டி இணைத்த ரயில்களில் மட்டுமே முழு மிதிவண்டியை ஏற்றுவார்கள். பயணச்சீட்டு வாங்கும்போதே வண்டியைக் காட்டிக் கேளுங்கள், அதற்குத் தனிச் சீட்டு தருவார்கள். ஹாட்யாயில் இறங்கிப் பாடாங் பெசார் வரை மிதித்து எல்லையைக் கடந்துவிடலாம். அங்கிருந்து சுங்கை சிப்புட்டுக்கு நம் மின்சார ரயில் இருந்தாலும், மடக்காத வண்டியை ஏற்றுவார்களா என்பதை நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரு சக்கரங்களையும் கழற்றிப் போர்வையில் சுற்றி, அலோர் ஸ்டாரிலிருந்து ஈப்போ வரும் விரைவுப் பேருந்தின் அடிப்பெட்டியில் வைத்துவிடலாம். ஓட்டுநர் கூடுதலாகக் கேட்பார். ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

ஹாட்யாயிலிருந்து மிதித்தே வீடு வந்துவிட்டால் பேருந்துக் காசு மிச்சமாகுமே என்று அங்கே நிற்கும்போது தோன்றும். ஐந்து நாள் ஆகும், 550 வெள்ளி. ஆசையாக இருந்தால் மிதியுங்கள், மிச்சம் என்று நினைத்து மிதிக்காதீர்கள். வண்டியை ஒரு வாரத்துக்கு முன் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்; புறப்படும் முதல் நாள் மாலையில் கொண்டுவந்தால் நான் தொடமாட்டேன்.